பேர் வேண்டாம்

பனச்சமூட்டில் என் பட்டறை இந்தப் பக்கம்.
ரெஜினாளின் செதுக்குமேசை எதிரே,
கேரளத்துக்குள் பதினெட்டு அடி.
இங்கே கரண்ட் போனால்
ரோட்டுக்கு மேலே தொங்கும் வயர் வழியாக
அவள் மின்சாரம் வந்து என் சாணையைச் சுற்றும்.
மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்போம்,
சண்டையும் போடுவோம்.

சத்தியநேசன் வந்தது மழைக்கு முந்தின வாரம்.
நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி, பிணவறை,
முப்பத்தோரு வருஷம் உதவியாள்.
முந்தாநாள்தான் ஓய்வு.
'சக்கை வெட்ட ஒரு கத்தி வேணும். நல்லதாட்டு.
காசு பாக்காண்டாம்.'

அலகில் பேர் வெட்டணுமா என்றேன்.
நூறு ரூபாய் கூடுதல், வழக்கமாகக் கேட்பதுதான்.
'பேரா?
பெருவிரலில் நான் கட்டிவிட்ட பேரே போதும்.'

லாரிப் பட்டையில் நாலு துண்டு,
மரமில்லில் பல் தேய்ந்து ஒதுங்கிய வாளலகில் மூன்று.
மாற்றி மாற்றி அடுக்கிக் கம்பி சுற்றி
வெங்காரம் தூவினால்
உலைக்குள் அது பாகு போலக் கொதிக்கும்.
முதல் அடி மெல்ல.
ரொம்ப மெல்ல.
ஒட்டிய இரும்புக்கு ஒரு சத்தம்,
ஒட்டாததற்கு ஓட்டை மண்பானைச் சத்தம்.
ஏழு. வெட்டி மடக்கினால் பதினாலு.
இருபத்தெட்டு, ஐம்பத்தாறு.
நூற்றுப்பன்னிரண்டில் தோள்பட்டை
போதும் என்றது.

முதல் அலகு எண்ணெய்க்குள் 'டிங்' என்றது.
அவ்வளவுதான்.
அதற்குப் பிறகு தூக்கிப் பார்க்க ஒன்றுமில்லை.
'போச்சா?' என்றாள் ரெஜினாள்
அவள் மாநிலத்திலிருந்து.
போச்சு.
பதினோரு நாளும் ஒரு மூட்டைக் கரியும்.

இரண்டாவதை, காந்தம் கைவிடும் சூட்டில் எடுத்தேன்.
எண்ணெய் முனகியது, வேறொன்றும் கேட்கவில்லை.
ரேடியோ ரிப்பேர்க் கடையில் வாங்கிய திராவகத்தில்
பத்து நிமிஷம் ஊறப்போட்டதும்
லாரி கறுத்தது, வாள் வெளுப்பாகவே நின்றது.
கால்வாயில் மதகை அடைத்த மறுநாள்
மணலில் கிடக்குமே,
அந்த வரி.
தட்டியவன் நான்தான் என்றாலும்
இப்படி வரும் என்று எனக்குத் தெரியாது.

பித்தளைப் பூணில் பூவும் கொடியும் போட மாட்டேன்
என்றுவிட்டாள் ரெஜினாள்.
சந்தையில் ஒரு வரிக்கைச் சக்கை வாங்கி
மேசையில் நிறுத்தி, மூன்று நாள் பார்த்து,
அதன் முள்ளை வெட்டினாள்.
அறுபத்துமூன்று முள்.
ஒன்றைப் போல் ஒன்றில்லை.
நான்காம் நாள் பழம் தின்று தீர்த்தாள்,
எனக்கு இரண்டு சுளை.

அவர் ஸ்கூட்டரில் கால்களுக்கிடையே
சக்கையோடு வந்தார்.
கத்தியை நீட்டினேன். தலையாட்டினார்.
'கையில வேண்டாம். கீழே வை.
முப்பத்தோரு வருஷம் நீட்டினதும் வாங்கினதும்தான்.'
பட்டடைக்கல்லில் வைத்தேன். எடுத்தார்.
வெளிச்சத்தில் சாய்த்து
வரிகளை வெகுநேரம் பார்த்தார்.
என்ன பார்த்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பிறகு உள்ளங்கையில் எண்ணெய் தடவி
நெடுக ஒரே இழுப்பு.
சக்கை இரண்டாக விழுந்தது.
வெள்ளறடை போகிற இரண்டு டிரைவர்கள்
கேட்காமலே வந்து நின்றார்கள்,
கேட்காமலே தின்றார்கள்.

பிசின் போய் முட்களுக்கிடையே அடைந்தது.
அறுபத்துமூன்றின் இடுக்கிலும்.
ரோட்டைக் கடந்து ஓடிவந்த ரெஜினாளுக்கு
முகமே இல்லை.
'இதை யோசிக்கலியே நான்.
ஒவ்வொரு தடவையும் ஊசியால நோண்டணும்,
அரைமணி நேரம் பிடிக்கும், சேட்டா.
மழுங்க அராவித் தரட்டா?'

'அங்கே கழுவ ரெண்டு நிமிஷம் தருவாவ,' என்றார்.
'அதுக்குள்ள அடுத்த ஆள் வந்திரும்.'
கவிழ்ந்து கிடந்த பெயிண்ட் வாளியில் உட்கார்ந்தார்.
'ஊசி இருக்கா?'

பதினோராவது முள்ளில் இருந்தார்
இந்தப் பக்கம் கரண்ட் போனபோது.